கருத்துக்கணிப்பும் கணக்கில் வராத வாக்கும்

(இளைஞர்களும் வணிகர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)





தேர்தல் வந்துவிட்டால் நம் கடைத்தெருவில் ஒரே கேள்விதான். "பாய், யார் ஜெயிப்பாங்க?" டீக்கடையில் கேட்கிறார்கள். ஜவுளிக்கடைக் கல்லாவில் கேட்கிறார்கள். ஜும்ஆ முடிந்து வாசலில் செருப்பைத் தேடும்போதும் கேட்கிறார்கள். "யார் ஜெயிக்க வேண்டும்?" என்று கேட்பவரைத்தான் காணோம்.

ஜெயிக்கப் போகிறவர் யார் என்று தெரிந்துவிட்டால், முன்கூட்டியே போய் ஒரு சால்வை போட்டு, நன்கொடை கொடுத்து, நல்ல பெயர் வாங்கிக்கொள்ளலாம் என்று நினைக்கிறோம். வியாபாரிக்கு இது இயல்புதான். விலை ஏறுமா, இறங்குமா என்று முன்னால் பார்க்கத் தெரிந்தவன்தான் வியாபாரி. அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் மழை வரும் என்று நீங்கள் கணித்தால் அந்தக் கணிப்பைக் கேட்டு மழை மாறுவதில்லை. தேர்தல் அப்படியல்ல. "அவர்தான் ஜெயிப்பார்" என்ற பேச்சைக் கேட்டு ஒருவன் வீட்டிலேயே படுத்துவிட்டால், அந்தப் பேச்சே தேர்தலை மாற்றிவிடுகிறது.

இதற்கு ஓர் உதாரணத்தை இன்று உங்கள் முன் வைக்கிறேன். 2025ல் அமெரிக்காவின் நியூயார்க் நகரில் நடந்த மேயர் தேர்தல். அதில் வென்றவர் ஒரு முஸ்லிம் என்பதற்காக மட்டும் இதை எடுக்கவில்லை. கணித்தவர்கள் எங்கே தவறினார்கள், ஏன் தவறினார்கள் என்பதில் நமக்குப் பெரிய பாடம் இருக்கிறது.

ஒரு சதவீதத்தில் தொடங்கியவர்

2025 பிப்ரவரியில் எமர்சன் கல்லூரி ஒரு கருத்துக்கணிப்பு வெளியிட்டது. ஜனநாயகக் கட்சியின் மேயர் வேட்பாளராக யாரை ஆதரிப்பீர்கள் என்று கேட்டார்கள். நியூயார்க் மாநிலத்தின் முன்னாள் ஆளுநர் ஆண்ட்ரூ கியூமோவுக்கு 33 சதவீதம். ஸோஹ்ரான் மம்தானி என்ற 33 வயது மாநிலச் சட்டமன்ற உறுப்பினருக்கு 1 சதவீதம்! உகாண்டாவின் கம்பாலாவில் பிறந்து, சிறுவயதில் நியூயார்க்குக்கு வந்தவர் அவர்.

கியூமோவை அறியாதவர் அந்த ஊரில் இல்லை. அவருடைய தந்தையும் ஆளுநராக இருந்தவர். கியூமோவை ஆதரித்துப் பணக்காரர்கள் தனிக்குழு அமைத்து இரண்டு கோடி டாலருக்கு மேல் கொட்டினார்கள். முன்னாள் மேயர் மைக்கேல் புளூம்பெர்க் மட்டும் 80 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்தார். பெயர் இருக்கிறது, பணம் இருக்கிறது, பெரிய தலைவர்களின் ஆதரவு இருக்கிறது. நம் கடைத்தெருவில் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்போம்? "கியூமோதான் பாய், சந்தேகமே இல்லை" என்றுதானே சொல்லியிருப்போம்?

ஜூன் 24 அன்று உட்கட்சித் தேர்தல். ஜூன் நடுவில் மாரிஸ்ட் பல்கலைக்கழகம் எடுத்த கணிப்பும் இறுதிச் சுற்றில் கியூமோவுக்கு 55, மம்தானிக்கு 45 என்றுதான் சொன்னது. தேர்தலுக்கு முந்தைய நாள் எமர்சனின் கடைசிக் கணிப்பு வந்தது. முதல் சுற்றில் கியூமோ 3 சதவீதம் முன்னால் இருப்பார், ஆனால் இறுதிச் சுற்றில் மம்தானி 52க்கு 48 என்று வெல்வார் என்றது.

அங்கே உட்கட்சித் தேர்தலில் வாக்காளர் ஐந்து பேர் வரை வரிசைப்படுத்தி வாக்களிக்கலாம். கடைசியில் நிற்பவரை நீக்கி, அவருடைய வாக்குகளை அடுத்த விருப்பத்துக்கு மாற்றிக்கொண்டே போவார்கள்.

முடிவு என்ன? முதல் விருப்ப வாக்குகளிலேயே மம்தானி சுமார் 44 சதவீதம், கியூமோ சுமார் 36 சதவீதம். இறுதிச் சுற்றில் 56க்கு 44. வெற்றியாளரைச் சரியாகச் சொன்ன கடைசிக் கணிப்பும், அவர் எவ்வளவு வித்தியாசத்தில் வெல்வார் என்பதைப் பிடிக்கவில்லை.

எங்கே தவறினார்கள்?

கணித்தவர்கள் பொய்யர்களா? இல்லை சகோதரர்களே. அவர்கள் தொழில் தெரிந்தவர்கள். ஆனால் அந்தத் தொழிலுக்குள் ஒரு பள்ளம் இருக்கிறது.

கருத்துக்கணிப்பு எடுப்பவர் ஊரிலுள்ள எல்லாரையும் கணக்கில் எடுப்பதில்லை. வாக்களிக்க வரக்கூடியவர் யார் என்று முதலில் தீர்மானிக்கிறார். அதை எப்படித் தீர்மானிப்பார்? கடந்த தேர்தல்களில் வந்தவர்களைப் போன்றவர்களே இந்தத் தேர்தலிலும் வருவார்கள் என்பதுதான் பெரும்பாலும் அடிப்படை. இதுவரை வாக்குச்சாவடிப் பக்கமே வராத இளைஞன், வாடகை வீட்டுக்காரன், டாக்சி ஓட்டி, புதிதாகக் குடியுரிமை பெற்றவன், இவர்கள் எல்லாம் அந்தக் கணக்கில் பாதி ஆள், கால் ஆள். சில கணிப்புகளில் அவர்கள் ஆளே இல்லை!

அந்த ஆண்டு நடந்தது வேறு. வாக்காளராகப் பதிவு செய்யக் கடைசி நாள் ஜூன் 14. அதற்கு முந்தைய இரண்டு வாரங்களில் முப்பதாயிரத்துக்கும் அதிகமானோர் புதிதாகப் பதிவு செய்தார்கள். 2021ல் இதே இரண்டு வாரங்களில் பதிவு செய்தவர்கள் சுமார் மூவாயிரம் பேர்தான். தேர்தல் நாளுக்கு முன்னரே வாக்களிக்கும் வசதியைப் பயன்படுத்தியவர்கள் 3 லட்சத்து 80 ஆயிரத்துக்கு மேல். இது 2021ஐப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. மொத்தத்தில் பத்து லட்சத்துக்கு மேல் வாக்குகள் பதிவாயின.

இதில் இன்னொன்றைக் கவனியுங்கள். வேறு கட்சியில் பதிவு செய்திருந்தவர்கள் ஜனநாயகக் கட்சியின் தேர்தலில் வாக்களிக்க வேண்டுமானால், பிப்ரவரி 14க்குள் கட்சிப் பதிவை மாற்றியிருக்க வேண்டும். தேர்தல் ஜூனில், கெடு பிப்ரவரியில்! அந்த நேரத்தில் "யார் ஜெயிப்பார்" என்று அரட்டை அடித்துக்கொண்டிருந்தவன் வெளியே நின்றான். படிவத்தை நிரப்பியவன் உள்ளே போனான்.

தள்ளுவண்டியும் டாக்சியும்

கணக்கில் வராத அந்த மக்களை வாக்குச்சாவடிக்குக் கொண்டுவந்தது எது? வணிகர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

2025 ஜனவரியில் மம்தானி ஒரு வீடியோ வெளியிட்டார். ஹலால் உணவு விற்கும் தள்ளுவண்டிக்காரர்களிடம் போய், "ஒரு தட்டு சோறு ஏன் பத்து டாலர் ஆனது?" என்று கேட்டார். அவர்கள் சொன்ன பதில் உரிமம். நகர நிர்வாகத்துக்குக் கட்ட வேண்டிய கட்டணம் சில நூறு டாலர்தான். ஆனால் உரிமங்களின் எண்ணிக்கைக்கு வரம்பு இருப்பதால், உரிமம் வைத்திருப்பவரிடம் ஆயிரக்கணக்கான டாலர் கொடுத்து வாடகைக்கு எடுக்கிறார்கள். அந்தச் சுமைதான் தட்டின் விலையில் ஏறுகிறது. இதை மாற்றினால் விலை குறையும் என்றார். நம் ஊர் நடைபாதை வியாபாரிக்கு இந்தக் கதை புதிதா?

2021ல் டாக்சி உரிமக் கடனில் மூழ்கிய ஓட்டுநர்கள் நியூயார்க்கில் உண்ணாவிரதம் இருந்தபோது, மம்தானி அவர்களோடு 15 நாள் பட்டினி கிடந்தார். கடன் குறைப்புக்கு நகர நிர்வாகம் இணங்கிய பிறகுதான் போராட்டம் முடிந்தது. அப்போது எந்தக் கணிப்பும் அவரை மேயர் என்று சொல்லவில்லை. அந்த ஓட்டுநர்கள் மட்டும் அவரை மறக்கவில்லை.

வாடகை உயர்வை நிறுத்துவது, கட்டணமில்லாப் பேருந்து, குழந்தைப் பராமரிப்பு. இவற்றையே அவர் திரும்பத் திரும்பப் பேசினார். பள்ளிவாசலுக்கும் போனார், மாதா கோவிலுக்கும் போனார். உருதுவிலும் வங்காளத்திலும் ஸ்பானிஷிலும் பேசி வீடியோ போட்டார். தொண்டர்கள் ஆயிரமாயிரமாக வீடு வீடாகக் கதவைத் தட்டினார்கள்.

நம் இளைஞர்கள் சிலர் "நம்மாள் ஜெயித்துவிட்டார்" என்று மகிழ்ந்தார்கள். மகிழட்டும். ஆனால் அந்த நகரில் முஸ்லிம்கள் சிறுபான்மையினர். முஸ்லிம் வாக்கை மட்டும் நம்பியிருந்தால் அவருக்கு வெற்றி கனவிலும் கிடைத்திருக்காது. எல்லாருடைய வீட்டு வாடகையையும் பேசியதால்தான் எல்லாரும் வாக்களித்தார்கள்.

நவம்பரில் நடந்தது

உட்கட்சித் தேர்தலில் தோற்ற கியூமோ, நவம்பர் 4 பொதுத்தேர்தலில் சுயேச்சையாக நின்றார். பதவியிலிருந்த மேயர் எரிக் ஆடம்ஸ் செப்டம்பர் இறுதியில் போட்டியிலிருந்து விலகினார். குடியரசுக் கட்சியின் கர்ட்டிஸ் ஸ்லிவா களத்தில் நின்றார். மம்தானியின் மார்க்கத்தைக் குறிவைத்த பேச்சுகள் பெருகின. அக்டோபர் 24 அன்று அவர் பிராங்க்ஸ் பகுதியில் ஒரு பள்ளிவாசலுக்கு வெளியே நின்று அதற்குப் பதில் சொன்னார். தன் அடையாளத்தை மறைக்கப் போவதில்லை என்றார்.

இம்முறை கணிப்பாளர்கள் பெரும்பாலும் மம்தானிதான் வெல்வார் என்றார்கள். எமர்சனின் கடைசிக் கணிப்பு மம்தானி 50, கியூமோ 25, ஸ்லிவா 21 என்றது. உண்மை முடிவில் மம்தானி பாதிக்குச் சற்று மேல், கியூமோ சுமார் 41, ஸ்லிவா சுமார் 7.

மம்தானியின் கணக்கு ஏறத்தாழ அப்படியே பலித்தது. மற்ற இருவரின் கணக்கு கவிழ்ந்தது. ஏன்? ஸ்லிவாவை ஆதரித்தவர்களில் பலர், அவர் வெல்ல மாட்டார் என்று தெரிந்து கடைசி நேரத்தில் கியூமோ பக்கம் சாய்ந்தார்கள். தேர்தலுக்கு முந்தைய மாலை ஜனாதிபதி டிரம்பும் கியூமோவுக்கு வாக்களிக்கச் சொன்னார். பார்த்தீர்களா? கணிப்பைக் கேட்டே மக்கள் நகர்ந்தார்கள்! இரு மடங்கு முன்னிலை என்று நம்பி மம்தானியின் ஆதரவாளர்கள் வீட்டில் தூங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அவர்கள் தூங்கவில்லை. இருபது லட்சத்துக்கு மேல் வாக்குகள் பதிவாயின. 1969க்குப் பிறகு நியூயார்க் மேயர் தேர்தலில் அவ்வளவு பேர் வாக்களித்ததில்லை. 2026 ஜனவரி 1 அன்று மம்தானி குர்ஆன் மீது கை வைத்துப் பதவியேற்றார்.

வதந்தியும் ஒரு கணிப்புதான்

லண்டனிலும் ஒரு சம்பவம். 2024 மே 2 மேயர் தேர்தலில் வாக்களிப்பு முடிந்தது. எண்ணிக்கை மே 4ல். இடைப்பட்ட நாளில், சாதிக் கான் தோற்றுவிட்டார், எதிர்த்து நின்ற சூசன் ஹால் வென்றுவிட்டார் என்று ஒரு பேச்சு கிளம்பியது. விவரம் தெரிந்தவர்கள்கூட அதை நம்பிப் பேசினார்கள். எண்ணி முடித்தபோது சாதிக் கான் 43.8 சதவீதம், ஹால் 32.7 சதவீதம். வித்தியாசம் இரண்டே முக்கால் லட்சம் வாக்குகள்! பெட்டியைத் திறக்காமலே பரவிய செய்திக்கு இதுதான் மதிப்பு. நம் கைபேசியில் தினமும் வரும் செய்திகளுக்கும் இதே மதிப்புதான்.

அதனால் இனி எந்தக் கணிப்பு வந்தாலும் நான்கு கேள்வி கேளுங்கள். எப்போது எடுத்தது? யாரிடம் கேட்டார்கள்? இன்னும் முடிவு செய்யாதவர்கள் எத்தனை பேர்? எடுக்கச் சொல்லிப் பணம் கொடுத்தது யார்? கடன் கேட்டு வருபவனிடம் இதைவிட அதிகமாக விசாரிக்கிறோமே!

நமக்கு என்ன பாடம்?

தமிழ்நாட்டில் 1996லும் 2001லும் 2011லும் மேயரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுத்தார்கள். 2022ல் கவுன்சிலர்கள்தான் மேயரைத் தேர்ந்தெடுத்தார்கள். மேயர் யார் என்பது வார்டில் முடிவாகிறது. வார்டு என்பது நம் தெரு. அங்கே சில நூறு வாக்குகள் போதும், முடிவு புரண்டுவிடும். அந்தச் சில நூறு பேர் நம் பிள்ளைகள்தான்.

நியூயார்க்கில் வாக்களிப்பு நடந்த அதே 2025 நவம்பர் 4ல்தான் தமிழ்நாட்டில் வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தத்துக்கான படிவங்கள் வீடு வீடாக வரத் தொடங்கின. டிசம்பர் 19ல் வரைவுப் பட்டியல் வந்தபோது 97 லட்சத்துக்கு மேற்பட்ட பெயர்கள் அதில் இல்லை. இறந்தவர்கள், இடம் மாறியவர்கள், இரட்டைப் பதிவுகள் என்று காரணம் சொல்லப்பட்டது. வெளியூரில் கடை வைத்திருப்பவர், வளைகுடாவில் வேலை பார்ப்பவர், வாடகை வீடு மாறியவர், நம் சமுதாயத்தில் எத்தனை பேர்! உங்கள் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று நீங்களே பார்த்தீர்களா? உங்கள் மனைவி பெயரை? கடைப் பையன் பெயரை?

வணிகர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஜெயிக்கிற குதிரையைத் தேடாதீர்கள். உங்கள் கடைத்தெருவின் குறைகளை எழுதி, எல்லா வேட்பாளரிடமும் கொடுங்கள். குப்பை, வடிகால், உரிமக் கட்டணம், நடைபாதை இடம் என்று எழுதுங்கள். யார் வந்தாலும் கேட்கும் உரிமை உங்களிடம் இருக்கும். முன்கூட்டியே சால்வை போட்டவனுக்கு அந்த உரிமை இருக்காது.

தம்பிகளே, உங்களுக்கும் ஒன்று. யார் ஜெயிப்பார் என்று இனி யாராவது கேட்டால், "பட்டியலில் உங்கள் பெயர் இருக்கிறதா அண்ணே?" என்று திருப்பிக் கேளுங்கள். இல்லையென்றால் படிவம் 6ஐ நிரப்ப உதவுங்கள். ஒவ்வொருவரும் பத்து வீட்டைப் பொறுப்பெடுங்கள். ஜாதி, மதம் பார்க்காமல் உங்கள் தெருவிலுள்ள எல்லா வீட்டுக்கும் போங்கள்.

ஒரு சதவீதம் என்று சொல்லப்பட்டவர் மேயரானது கணிப்பாளர்கள் கெட்டவர்கள் என்பதால் அல்ல. கணக்கில் வராதவர்கள் பெயரைப் பதிந்துகொண்டு வரிசையில் வந்து நின்றதால். கணிப்பு எழுதுகிறவர் நம்மைக் கணக்கில் சேர்க்காமல் போகட்டும். நாமே நம்மைக் கணக்கில் சேர்க்காமல் விட்டால் அதற்கு யாரைக் குறை சொல்வது?