உடைய வேண்டிய போல்ட்

(முன்னாள் மாணவர் கூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மேடை ஏறும்போது சிறுமலையைப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். படிக்கிற காலத்தில் வகுப்பு ஜன்னல் வழியாக அந்த மலையைத்தான் பாடத்தை விட அதிகம் பார்த்திருக்கிறேன். (சிரிப்பு) பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவுகள் ஏறிப் போனால் மேலே வாழையும் மிளகும் காப்பியும். டிராக்டர் ஏற முடியாத சரிவுகளில் இன்றைக்கும் குதிரைதான் சுமை இறக்குகிறது. கீழே சமவெளியில் சின்ன வெங்காயம், கடலை, முருங்கை. இவ்வளவு வேலை கண்ணெதிரே கிடக்க, இயந்திரம் படிக்கும் நாம் என்ன செய்கிறோம் என்பதுதான் என் பேச்சு. பெருமை பேச வரவில்லை. ஒரு கடனைச் சொல்ல வந்திருக்கிறேன்.

2009-ஆம் ஆண்டு, நாங்கள் இறுதியாண்டு. வேறொரு கல்லூரியில் விவசாயக் கருவிகளுக்கான மாணவர் போட்டி. ஐந்து பேர் சேர்ந்து, டிராக்டருக்குப் பின்னால் மாட்டும் வெங்காயம் தோண்டும் கருவி செய்தோம். முன்னால் ஒரு கத்தி மண்ணுக்கு அடியில் போகும். பின்னால் கம்பிச் சங்கிலி வெங்காயத்தை ஏற்றி, மண்ணை உதறிக் கீழே போடும். 'செய்தோம்' என்று சொன்னேன். அதுதான் பொய். கம்ப்யூட்டரில் படம் போட்டது நாங்கள். ஆங்கிள் வெட்டி, வெல்டிங் வைத்து, லேத்தில் தண்டு கடைந்து, பேரிங் அடித்து, சங்கிலியை ஓட வைத்தது திண்டுக்கல்லில் ஒரு பட்டறை மிஸ்திரி. எட்டாம் வகுப்பு வரை படித்தவர். நாங்கள் பக்கத்தில் நின்று டீ குடித்தோம்.

போட்டியன்று சிமெண்டுத் தரையில் டிராக்டரை நிறுத்திச் சங்கிலியைச் சுற்றவிட்டுக் காட்டினோம். சலசலவென்று அழகாக ஓடியது. இரண்டாம் பரிசு. மிஸ்திரியும் பார்க்க வந்திருந்தார். சான்றிதழில் எங்கள் ஐந்து பேர் பெயர். அவர் பந்தலுக்கு வெளியே நின்றிருந்தார். 'வாங்கண்ணே' என்று கூப்பிட எனக்குத் தோன்றவில்லை. அதைத்தான் கடன் என்றேன்.

அடுத்த வாரம் மலையடிவாரத்தில் ஒரு விவசாயி, 'நம்ம தோட்டத்துல ஓட்டிப் பாருங்க தம்பி' என்றார். முதல் நாள் சாயங்காலம், உறுதியாக இருக்கட்டும் என்று, பி.டி.ஓ. தண்டின் இணைப்பில் மிஸ்திரி போட்டிருந்த சாதாரண போல்ட்டைக் கழற்றிவிட்டு உயர்ரக போல்ட் ஒன்றைப் போட்டேன். யாரையும் கேட்கவில்லை. எஞ்சினியர் அல்லவா!

காலையில் ஓட்டினோம். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. ஒரு கல் சங்கிலியில் சிக்கியது. டமார் என்று ஒரு சத்தம். தண்டு முறுகி, பெட்டிக்குள் பல்சக்கரத்தின் பற்கள் தெறித்துவிட்டன. வெங்காயம் பொறுக்க வந்திருந்த எட்டுப் பெண்கள் வரப்பில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு அன்றைய கூலியை அந்த விவசாயிதான் கொடுத்தார். எங்களை ஒரு வார்த்தை திட்டவில்லை. 'தரையில ஓடுறது வேற, நிலத்துல ஓடுறது வேற தம்பி' என்று மட்டும் சொன்னார்.

மிஸ்திரியிடம் போனேன். போல்ட்டைப் பார்த்ததும் புரிந்துகொண்டார். 'அது உடையணும்னுதானே தம்பி வச்சேன். பத்து ரூவா போல்ட் உடைஞ்சா, வேற போட்டுட்டு ஓட்டிக்கிட்டே இருக்கலாம். இப்ப பெட்டியே போச்சே' என்றார். ஷியர் போல்ட் பற்றி நான் தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். ஆனால் கையில் பிடித்தபோது அதுதான் அது என்று எனக்குத் தெரியவில்லை. என் படிப்புக்கும் என் கைக்கும் நடுவில் அவ்வளவு தூரம் இருந்தது.

நண்பர்களே, போட்டி கூடாது என்று நான் சொல்லவில்லை. எதைச் சோதிக்கிற போட்டி என்பதுதான் கேள்வி. அமெரிக்காவில் 1998 முதல் கால் அளவு டிராக்டர் போட்டி நடக்கிறது. எல்லா அணிக்கும் ஒரே எஞ்சின், ஒரே டயர். மாணவர்கள் தாங்களே வடிவமைத்துக் கட்டி, சுமையை இழுத்துக் காட்ட வேண்டும். அங்கே 1928-இல் தொடங்கிய எஃப்.எஃப்.ஏ. அமைப்பில் பள்ளிப் பிள்ளைகளே வெல்டிங்கும் மின் இணைப்பும் எஞ்சின் பழுதும் பார்த்துப் போட்டியிடுகிறார்கள்.

நம் நாட்டிலும் வந்துவிட்டது. எஸ்.ஏ.இ. இந்தியா அமைப்பு 'திஃபன்' என்றொரு போட்டி நடத்துகிறது. மராத்தியில் திஃபன் என்றால் மூன்று கொழு வைத்த விதைக்கலப்பை. வெங்காய அறுவடை, காய்கறி நாற்று நடவு என்று விவசாயியின் தேவையே அங்கே தலைப்பு. கருவியை நிலத்தில் இறக்கி ஓட்டிக் காட்ட வேண்டும். ஐ.டி.ஐ. பிள்ளைகளுக்கும் பாதை இருக்கிறது. உலகத் திறன் போட்டியில் இந்தியா 2007 முதல் கலந்துகொள்கிறது. 2019-இல் ரஷ்யாவின் கசான் நகரில் நீர்த் தொழில்நுட்பப் பிரிவில் நமக்குத் தங்கமே கிடைத்தது. அங்கே நடுவர் கண்ணெதிரே தன் கையால் செய்தாக வேண்டும். பட்டறையில் கொடுத்து வாங்கி வர முடியாது.

ஆகவே நம் கல்லூரியிலும் ஆண்டுதோறும் ஒரு போட்டி நடத்தலாம் என்று கேட்டுக்கொள்கிறேன். நிபந்தனைகள் நான்கு.

ஒன்று, வெட்டுவதும் பற்றவைப்பதும் கடைவதும் மாணவர் கையாலேயே நடக்க வேண்டும். அதற்கு நம் பட்டறை மாலை நான்கரைக்குப் பூட்டப்படாமல் இரவு எட்டு வரை, பொறுப்பாளர் ஒருவரோடு, திறந்திருக்க வேண்டும்.

இரண்டு, கருவி உண்மையான தோட்டத்தில் ஒரு மணி நேரம் ஓட வேண்டும். அன்றைய ஆள் கூலியைப் போட்டி நடத்துகிறவர்கள் கொடுத்துவிட வேண்டும். விவசாயி தலையில் கட்டக் கூடாது.

மூன்று, நடுவர்களே ஒரு பாகத்தைக் கழற்றிவிட்டோ உடைத்தோ தருவார்கள். அங்கேயே சரிசெய்து மறுபடி ஓட்ட வேண்டும். எனக்கு அன்று தெரியாமல் போனது இதுதான்.

நான்கு, சுற்றுகிற தண்டுக்கு மூடி இல்லாத கருவி களத்தில் இறங்கவே கூடாது. பி.டி.ஓ. 540 சுற்று என்று சாதாரணமாகச் சொல்லிவிடுகிறோம். அது நொடிக்கு 9 சுற்று. துண்டின் நுனியோ சேலைத் தலைப்போ பட்டால், 'ஐயோ' என்று சொல்லக்கூட நேரம் இருக்காது. அன்று எங்கள் கருவியிலும் மூடி இல்லை. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்றால் அது எங்கள் சாமர்த்தியம் அல்ல.

இன்னொன்று. நடுவர் மேசையில் ஒரு பேராசிரியர், ஒரு விவசாயி, ஒரு பட்டறை மிஸ்திரி மூவரும் சமமாக உட்கார வேண்டும். திண்டுக்கல் பூட்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது நாமெல்லாம் பெருமைப்பட்டோம். அந்தப் பூட்டை அரம் பிடித்து ராவிய கை யாருடையது? அந்தக் கைக்கு நம் மேடையில் ஒரு நாற்காலி வேண்டாமா?

எங்கள் செட் சார்பில் இரண்டு வெல்டிங் செட்டும், கண்ணாடி, கையுறையோடு பத்துப் பேருக்கான பாதுகாப்புச் சாமான்களும் வாங்கித் தருகிறோம். மற்ற செட்காரர்களும் முன்வர வேண்டும். (கைதட்டல்)

தம்பி தங்கைகளே, படம் போடத் தெரிவது நல்லது. ஆனால் வாரத்தில் ஒரு நாளாவது கையில் கிரீஸ் படட்டும். ஒரு போல்ட்டை மாற்றுவதற்கு முன், அது ஏன் அங்கே இருக்கிறது என்று போட்டவரைக் கேளுங்கள். கேட்பதால் பட்டம் குறைந்துவிடாது.

அந்த மிஸ்திரி அண்ணன் இன்று இங்கே வந்திருக்கிறார். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். இந்த முறை நானே போய்க் கூட்டிக்கொண்டு வந்தேன். அண்ணே, மேடைக்கு வாங்க.