வலிக்கிற காலுக்கு வேலை கொடுத்தவர்

வாசகர் வட்டத்தில் அறிவியலாளர் ஒருவரைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். ராக்கெட் விட்டவர் யாரையாவது செயலாளர் எதிர்பார்த்திருப்பார். நான் குதிகாலைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

சுவீடனின் வடபகுதியில் உமேயோ என்றொரு பல்கலைக்கழக நகரம். அங்கே ஹோகன் ஆல்ஃபிரெட்சன் என்கிற எலும்பு மருத்துவர். 1990களில் அவருக்கு, கெண்டைக்கால் சதையைக் குதியெலும்போடு இணைக்கிற தசைநாணில் தீராத வலி. அறுவை செய்துவிடுங்கள் என்று மேலதிகாரியிடம் போய் நின்றார். நீங்களே லீவில் படுத்துவிட்டால் இங்கே யார் வேலை பார்ப்பது என்று அவர் மறுத்துவிட்டார். ஆல்ஃபிரெட்சனுக்கு வந்ததே கோபம்! நாணை இன்னும் கெடுத்தால் கத்தி வைத்துத்தானே ஆக வேண்டும்? வலிக்க வலிக்க அதன்மேல் பாரம் ஏற்றினார். வலி போய்விட்டது!

கைதட்டுவதற்குக் கொஞ்சம் பொறுங்கள். ஒருவருக்குக் குணமானது ஆராய்ச்சி ஆகாது. நம்மில் சிலர் அதோடு யூடியூப் சேனல் தொடங்கியிருப்போம். அவர் அதே வலியுள்ள ஓட்டக்காரர்கள் 15 பேரைச் சேர்த்தார்.

என்ன செய்யச் சொன்னார்? படிக்கட்டு விளிம்பில் முன்பாதத்தை மட்டும் ஊன்றுங்கள். குதிகால் அந்தரத்தில் நிற்கட்டும். நல்ல காலால் எம்பி, எடையை நோவுள்ள காலுக்கு மாற்றி, குதிகாலைப் படிக்குக் கீழே மெல்ல இறக்குங்கள். திரும்ப ஏறுவதற்கு நல்ல கால்தான். முழங்காலை நீட்டி 15 தரம் வீதம் மூன்று சுற்று, மடக்கி மூன்று சுற்று, காலையும் மாலையும். மொத்தம் நாளுக்கு 180. ஞாயிற்றுக்கிழமைக்கும் விலக்கில்லை. வலித்தாலும் செய்ய வேண்டும், ஆளை முடக்குகிற வலி என்றால் மட்டும் நிறுத்தலாம். வலி விட்டுவிட்டதா? முதுகுப்பையில் எடையைப் போட்டுக்கொள்ள வேண்டும்.

12 வாரத்தில் 15 பேரும் பழையபடி ஓடினார்கள். 1998இல் கட்டுரை வெளியானது. ஒப்பிட எடுத்துக்கொண்ட இன்னொரு 15 பேர் வழக்கமான சிகிச்சை பலிக்காமல் அறுவைக்குப் போனவர்கள். ஆனால் இரண்டு கூட்டத்தையும் குலுக்கல் போட்டுப் பிரிக்கவில்லை. அதனால் அந்த ஒப்பீட்டை நான் பெரிதாகக் கொண்டாட மாட்டேன். பின்னால் வந்த ஆய்வுகளில் எல்லோருக்கும் அப்படிப் பலிக்கவும் இல்லை.

எனக்குப் பிடித்தது அதற்குப் பிறகு நடந்ததுதான். ஊரெல்லாம் 180ஐ மந்திரம்போல் ஓதிக்கொண்டிருந்தபோது, சிலர் அந்த எண்ணையே சோதித்தார்கள். 2014இல் வந்த ஓர் ஆய்வில் ஒரு குழுவுக்கு 180, மற்றதற்கு முடிந்த மட்டும். ஆறு வாரத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோலவே தேறின. மறு ஆண்டு டென்மார்க்கில் வாரத்துக்கு மூன்றே நாள், கனமான எடையை நிதானமாக ஏற்றி இறக்கச் சொன்னார்கள். அதிலும் பலன் குறையவில்லை. எண்ணிக்கை உதிர்ந்தது, நாணுக்குப் பாரம் வேண்டும் என்பது மட்டும் நின்றது.

ஒரு வார்த்தை. உள்ளங்கால் பக்கம் வருகிற குதிவலி வேறு, அதற்கு இதைச் செய்யாதீர்கள். பின்னங்காலில் யாரோ அடித்ததுபோல் 'பட்'டென்று தெறித்து, நுனிக்காலில் நிற்க முடியாமல் போனால் படிக்கட்டுப் பக்கமே போகாமல் நேரே மருத்துவரிடம் போங்கள். நாண்வலி உள்ள மற்றவர்கள், பிசியோதெரபிஸ்டிடம் ஒருமுறை காட்டிவிட்டு, கைப்பிடியுள்ள படியாகப் பார்த்துத் தொடங்கலாம்.