ஹெக்ரர் கப்பலில் போனவர்கள்

(பழைய மாணவிகள் சங்க ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



நம்மில் பலர் விமானத்தில் ஒரே நாளில் போய் இறங்கிய கனடாவுக்கு, பாய்க்கப்பலில் பதினொரு வாரம் பயணம் செய்தவர்களைப் பற்றி இன்று சொல்ல விரும்புகிறேன்.

1773 யூலையில் ஸ்கொட்லாந்தின் வடமேற்கிலுள்ள லொக் புரூமிலிருந்து ‘ஹெக்ரர்’ என்ற பழைய கப்பல் புறப்பட்டது. அதில் ஏறக்குறைய 200 பேர் இருந்தார்கள். பெரும்பாலோர் கேலிக் மொழி பேசிய ஏழைகள். நிலமும் ஒரு வருடத்துக்குச் சாப்பாடும் கிடைக்கும் என்ற முகவரின் வாக்கை நம்பி ஏறியவர்கள். கப்பலின் பலகைகளோ கையால் பிய்த்தெடுக்கக்கூடிய அளவுக்கு உளுத்திருந்தன. கட்டணம் கட்டாமல் ஏறிய பாக்பைப் வாத்தியக்காரர் ஒருவரை இறக்கிவிடக் கப்டன் உத்தரவிட்டார். மற்றவர்கள் தங்கள் உணவில் பங்கு தருவதாகச் சொல்லி அவரைக் கூட்டிப்போனார்கள்.

நியூபவுண்ட்லாந்துக்குக் கிட்ட வந்தபோது புயல் கப்பலைப் பின்னுக்குத் தள்ளியது. இரண்டு வாரம் வீணானது. நெரிசலான கீழ்த்தட்டில் அம்மையும் வயிற்றுளைவும் பரவின. 18 பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் பிள்ளைகள். அவர்களைப் புதைக்க ஒரு பிடி மண்ணும் இல்லை, கடலில்தான் விட்டார்கள். உணவும் தண்ணீரும் குறைந்தன. பூஞ்சணம் பிடித்ததென்று மற்றவர்கள் எறிந்த ஓட்ஸ் ரொட்டித் துண்டுகளை ஹியூ மக்லியொட் என்பவர் ஒரு பையில் சேர்த்து வைத்திருந்தார். கடைசி நாட்களில் எல்லாரும் அதைத்தான் பங்கிட்டுச் சாப்பிட்டார்கள்.

செப்ரெம்பர் 15இல் நோவா ஸ்கோஷியாவின் பிக்ரோவில் இறங்கினார்கள். பயிரிடும் காலம் போய்விட்டது. கொடுத்த நிலமோ கடற்கரையில் அல்ல, பெருங்காட்டுக்குள். அங்கே போக மறுத்தவர்களுக்குச் சாப்பாடு இல்லை என்றார்கள் முகவர்கள். வீட்டார் பட்டினி கிடப்பதைப் பொறுக்காத சிலர், முகவர்களைக் கட்டிப்போட்டுவிட்டுக் களஞ்சியத்தைத் திறந்தார்கள். அப்போதும் ஒவ்வொன்றையும் அளந்து, யார் எவ்வளவு எடுத்தார் என்று கணக்கு வைத்து, முடிந்தபோது பணம் தருவோம் என்று சொல்லிவிட்டே எடுத்தார்கள்.

பிக்ரோவில் அந்தக் கப்பலின் மாதிரியொன்றை 2000ஆம் ஆண்டில் மிதக்கவிட்டார்கள். பெருமைப்பட வேண்டியதுதான். ஆனால் பிள்ளையைக் கடலில் விட்டுவிட்டு முதற் பனிக்காலத்தைக் கழித்த தாய்மாரையும் நாம் நினைக்க வேண்டும்.

வாக்குக் கொடுத்தவர்கள் அவர்களைக் கைவிட்டார்கள். அவர்கள் ஒருவரையொருவர் கைவிடவில்லை. சகோதரிகளே, நீங்கள் வாழும் ஊருக்குப் புதிதாக ஒருத்தி வந்து சேர்ந்தால், அவள் எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தவள் என்று கேட்பதற்கு முன், சாப்பிட்டாளா என்று கேளுங்கள்.