கைவேலைக்கும் கூலி உண்டு

(கோலசிலாங்கூர் வட்டாரத் தோட்டமொன்றின் மகளிர் கூட்டத்தில் தகவல் அதிகாரி ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

விடியுமுன் எழுந்து, நிரைக்குச் சென்று பால் வெட்டி, பாலை நிறுத்துக் கொடுத்து, வீடு திரும்பிச் சமையலையும் முடித்துவிட்டு, ஓய்வெடுக்க வேண்டிய பிற்பகல் வேளையில் இங்கு வந்திருக்கிறீர்கள். ஆகவே, உங்களுக்குப் பயன்படக்கூடிய செய்திகளை மட்டும் கூற விரும்புகிறேன். குறைந்த செலவில் அணிச்சல் செய்து அலங்கரிப்பதையும், வீட்டிலேயே கைவினைப் பொருள்கள் செய்வதையும் எவ்வாறு கற்றுக்கொள்வது என்பதே இன்றைய பொருள். நாம் வழக்கத்தில் கேக் என்று கூறுவதைத்தான் அணிச்சல் என்கிறேன்.

"இதெல்லாம் பட்டணத்துப் பெண்களுக்கு உரிய பொழுதுபோக்கு அல்லவா?" என்று சிலர் நினைக்கக்கூடும். அவ்வாறன்று. நம் மாவட்டத்தின் வரலாற்றையே பாருங்கள். 1917-ஆம் ஆண்டில், இந்நாட்டில் முதன்முதலாகச் செம்பனை வாணிக நோக்கில் பயிரிடப்பெற்றது இங்குள்ள தென்னமாரம் தோட்டத்தில்தான். அதன் பின்னர்ப் பல தோட்டங்களில் பால்மரங்கள் வெட்டப்பட்டுச் செம்பனை வந்தது. பின்னர்ச் சில தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாயின. ஒவ்வொரு மாற்றத்தின்போதும் மிகவும் தடுமாறியவர்கள், உளியைத் தவிர வேறு தொழில் அறியாத குடும்பத்தினரே. ஒரு வருவாய் நிற்கும்போது மற்றொன்று கைகொடுக்க வேண்டுமானால், வேலை இருக்கும்போதே இரண்டாவது தொழிலைக் கற்றிருத்தல் வேண்டும்.

என் சொந்த அனுபவம் ஒன்றைக் கூறுகிறேன். 1990-களின் பிற்பகுதியில் நாங்கள் பத்தாங் பெர்சுந்தைக்கு அருகே ஒரு தோட்டத்தில் வாழ்ந்தோம். அவ்வூர்தான் 2007-ஆம் ஆண்டில் பெஸ்தாரி ஜெயா எனப் பெயர் மாற்றம் பெற்றது. என் தமக்கையார் அக்கம்பக்கத்தாரிடம் கேட்டுக் கேட்டு அணிச்சல் செய்யப் பழகியிருந்தார். அடுத்த லயத்துப் பிள்ளையின் பிறந்த நாளுக்காக ஒன்று செய்து தருமாறு கேட்டார்கள். இரண்டு இரவுகள் கண் விழித்து, ரோசாப் பூக்கள் வைத்து, அழகாகச் செய்து 20 வெள்ளிக்குக் கொடுத்தார். எல்லாரும் பாராட்டினர். அன்றிரவு, பள்ளி மாணவனாயிருந்த என்னைக் கணக்கு எழுதச் சொன்னார். மாவு, சீனி, முட்டை, மார்ஜரின், வண்ணம், அட்டைப்பெட்டி எல்லாம் சேர்த்துப் பத்தொன்பதரை வெள்ளி. மீதம் ஐம்பது காசு!

பால் வெட்டும் தொழிலாளியான எங்கள் தந்தையார் அதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பால் நிறுக்கும்போது கால் கிலோ குறைந்தாலும் கிராணியிடம் கேட்கிறோமே, அம்மா. உன் இரண்டு இரவுக்கு உரிய கூலி இதில் எங்கே?" அக்கா பதில் பேசவில்லை. ஆனால், மறுநாளே ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கினார். இன்று நான் உங்களிடம் வலியுறுத்த வந்திருப்பதும் அந்த நோட்டுப் புத்தகத்தைத்தான். முதலில் கற்கும் முறையைப் பார்ப்போம். கணக்குக்குப் பிறகு வருகிறேன்.

கற்பதற்கு அடுப்புப்பெட்டி வாங்க வேண்டும் என்பதில்லை. இட்டிலிச் சட்டி போதும். மூன்று முட்டைகளையும் 150 கிராம் சீனியையும் நன்கு வெளுத்துக் கெட்டியாகும் வரை அடித்து, சலித்த கோதுமை மாவு 150 கிராமைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, நுரை அடங்காதபடி மெதுவாகக் கலந்து, எண்ணெய் தடவிய தட்டில் ஊற்றி, ஏறத்தாழ அரை மணி நேரம் ஆவியில் வேகவைக்கலாம். மூடியைத் துணியால் சுற்றிக் கட்டுங்கள்; இல்லையேல் நீர்த்துளி விழுந்து மேற்புறம் குழியாகும். முதற்கால் மணி நேரத்திற்கு மூடியைத் திறக்காதீர்கள். குச்சியால் குத்திப் பார்த்து, மாவு ஒட்டாமல் வந்தால் வெந்துவிட்டது என்று கொள்க.

அலங்காரத்திற்கு உரிய பசையை மார்ஜரின் 100 கிராம், ஷார்ட்டனிங் எனப்படும் வெள்ளைக் கொழுப்பு 50 கிராம், பொடித்த ஐசிங் சீனி 200 கிராம் ஆகியவற்றை அடித்துக் குழைத்துச் செய்யலாம். வெண்ணெய் மட்டும் பயன்படுத்தினால் நம் நாட்டு வெப்பத்தில் பூக்கள் உருகிச் சரிந்துவிடும். செம்பனை எண்ணெயிலிருந்து செய்யப்படும் வெள்ளைக் கொழுப்பு வடிவத்தைத் தாங்கி நிற்கும், விலையும் குறைவு.

பூப்போடப் பழகும்போது பண்டத்தை வீணாக்க வேண்டியதில்லை. எண்ணெய்த்தாளைக் கூம்பாகச் சுருட்டி நுனியை வெட்டி, பசையை நிரப்பி, கவிழ்த்து வைத்த தட்டின் முதுகில் போட்டுப் பாருங்கள். சரியாக வரவில்லையா? வழித்தெடுத்து மீண்டும் போடுங்கள். ஒரு கிண்ணம் பசையைக் கொண்டு ஒரு மாலைப்பொழுது முழுவதும் பழகலாம். உங்களுக்கு மற்றொரு சாதகமும் உண்டு. வாசலில் புள்ளி வைத்துக் கோலம் இடும் கை, அளவையும் ஒழுங்கையும் முன்னமே அறிந்த கை. புதிதாகப் பழக வேண்டியது கூம்பை ஒரே சீராக அழுத்துவது மட்டுமே. கொடியும் மாங்காயும் கோலத்தில் வருமானால் அணிச்சலிலும் வரும்.

வண்ணத்தைப் பொறுத்தவரை, உணவுக்கென அனுமதிக்கப்பெற்றதையே வாங்குங்கள். பாண்டான் இலையின் பச்சை, சங்குப்பூவின் நீலம் ஆகியவை செலவின்றி வீட்டருகிலேயே கிடைக்கும். மலாய்க்கார அண்டை அயலாருக்கும் விற்க எண்ணுவோர், ஹலால் முத்திரை பெற்ற மார்ஜரினையும் பிற பொருள்களையும் மட்டுமே பயன்படுத்துதல் முறை.

அடுத்து, கைவினை. இதற்கு மூலப்பொருள் உங்கள் நிரையிலேயே உதிர்ந்து கிடக்கிறது. ரப்பர் இலையின் சதையை நீக்கினால், வலைபோன்ற மெல்லிய நரம்பு மட்டும் நிற்கும். அதற்குச் சாயமேற்றிக் கம்பியில் கட்டிப் பூவாக்குகிறார்கள். முற்றிய, கிழியாத இலைகளைத் தேர்ந்தெடுத்து, சதை அழுகும் வரை சில வாரங்கள் நீரில் ஊறவைத்து, மென்மையான பல் தேய்க்கும் தூரிகையால் தேய்த்துக் கழுவுங்கள். விரைவில் முடிக்க விரும்புவோர் சலவைச் சோடா கலந்த நீரில் வேகவைப்பதுண்டு. அப்போது அலுமினியப் பாத்திரம் ஆகாது. சோடா அதனை அரித்துவிடும். கையுறை அணிந்துகொள்ளுங்கள், பிள்ளைகளை அருகில் விடாதீர்கள். செம்பனை ஓலையின் ஈர்க்கிலிருந்து துடைப்பமும் கூடையும் செய்யலாம். இவற்றுக்கு முதல் என்பது பெரும்பாலும் உங்கள் நேரமே.

நேரம் என்றேன். இப்போது கணக்குக்கு வருவோம். ஓர் அணிச்சலுக்குப் பண்டச் செலவு 18 வெள்ளி, எரிவாயுவுக்கும் பெட்டிக்கும் 3 வெள்ளி, ஆக 21 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். வேலை மூன்று மணி நேரம். 2025-ஆம் ஆண்டு பிப்ரவரியில் நடப்புக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. மணிக்கணக்கில் 8 வெள்ளி 17 காசு. மூன்று மணி நேரத்திற்கு 24 வெள்ளி 51 காசு ஆகிறது. ஆகவே அந்த அணிச்சலின் நியாய விலை 45 வெள்ளி 51 காசு. உறவினருக்குக் குறைத்துக் கொடுப்பது உங்கள் விருப்பம். ஆயினும், எவ்வளவு குறைக்கிறோம் என்பதை அறிந்து குறைக்க வேண்டும். அந்தக் கணக்குக்கே நோட்டுப் புத்தகம். வாங்கிய பொருள், அதன் விலை, உழைத்த நேரம், விற்ற விலை என நான்கு பத்திகள் போதும். பிள்ளைகளை எழுதச் சொல்லுங்கள். அவர்களுக்கும் அது கணக்குப் பாடமாகும்.

முறையாகக் கற்க விரும்புவோர் கெமாஸ் எனப்படும் சமூக மேம்பாட்டு இலாகாவின் மாவட்ட அலுவலகத்தில் விசாரிக்கலாம். 1961-ஆம் ஆண்டில் முதியோர் கல்விப் பணியாகத் தொடங்கி வளர்ந்த அவ்விலாகா, தையல், சமையல், கைவினை ஆகியவற்றுக்கு வகுப்புகள் நடத்தி வந்துள்ளது. மலாய்மொழி சரளமாக வராதே என்று தயங்காதீர்கள். கைத்தொழிலைக் கண்ணால் பார்த்தே பெரும்பகுதி கற்றுக்கொள்ளலாம். தோட்டத்திலிருந்து ஒருவர் மட்டும் சென்று கற்றுவந்து, மற்ற ஐவருக்குக் கற்பித்தாலும் பேருந்துச் செலவு மிச்சமாகும்.

விற்பனை நிலைபெற்ற பின்னர்ச் சிறு கடன் தேவைப்படலாம். அதற்கும் இவ்வட்டாரத்திற்கும் தொடர்புண்டு. 1986-ஆம் ஆண்டில், பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் அறிஞர் இருவர், வங்காளதேசத்துக் கிராமீன் வங்கியை முன்மாதிரியாகக் கொண்டு, ஏழைக் குடும்பங்களுக்கு ஈடு கேளாமல் சிறு கடன் வழங்கும் திட்டத்தைச் சோதித்துப் பார்த்த இடம் இந்த வடமேற்குச் சிலாங்கூரே. ஐவர் ஐவராகச் சேர்ந்து, வாரந்தோறும் சிறு தொகையாகத் திருப்பிச் செலுத்தினர். அதிலிருந்து 1987-ஆம் ஆண்டில் அமானா இக்தியார் மலேசியா உருவாயிற்று. 2024-ஆம் ஆண்டில் இந்திய மகளிருக்கென்றே அவ்வமைப்பின் வழி 5 கோடி வெள்ளி ஒதுக்கப்பெற்றது. ஆயினும் ஒன்றை மறவாதீர்கள். கற்பதற்கென்று கடன் வாங்காதீர்கள். நோட்டுப் புத்தகத்தில் சில மாதங்கள் தொடர்ந்து மீதம் தெரிந்த பிறகே கடனைப் பற்றிச் சிந்தியுங்கள். மேலும், உணவுப் பண்டம் விற்போர் உணவைக் கையாள்வோருக்கான பயிற்சியை மேற்கொண்டு, டைஃபாய்டு தடுப்பூசியும் போட்டுக்கொள்ள வேண்டும் என்பது 2009-ஆம் ஆண்டின் உணவுத் தூய்மை விதிகளின் கட்டளையாகும்.

தாய்மார்களே! என் தமக்கையார் பெரிய கடை எதுவும் வைத்துவிடவில்லை. ஆனால், அந்த நோட்டுப் புத்தகம் தொடங்கிய பின்னர் எனக்குப் பள்ளிச் சீருடையும் காலணியும் வாங்க எங்கள் வீட்டில் கடன் வாங்கியதில்லை. அவர் கைக்கு உரிய கூலி வீட்டுக்கு வந்து சேர்ந்தது. உங்கள் கைக்கு உரிய கூலியும் உங்கள் வீட்டுக்கு வரவேண்டும். இன்று மாலையே இட்டிலிச் சட்டியை எடுங்கள். பக்கத்திலேயே நோட்டுப் புத்தகத்தையும் எடுத்து வையுங்கள்.