நட்பும் தலயாத்திரையும்

(கும்பாபிஷேக விழாச் சொற்பொழிவு)

  

பல தீர்த்தங்களிலிருந்து கொணர்ந்த நீரைக் கும்பங்களில் நிறைத்து, மந்திரங்களால் உருவேற்றி, விமான கலசத்தின்மேல் சொரிவது கும்பாபிஷேகம். காவிரி நீரும் வைகை நீரும் வெவ்வேறு மலைகளில் பிறந்தவை. வெவ்வேறு வழிகளில் நடந்தவை. யாகசாலையில் அவை ஒன்று கூடுகின்றன. கூடியபின் இது இன்ன ஆற்றின் நீர் என்று எவராலும் பிரித்துக் கூற இயலாது. எல்லாம் திருமஞ்சனம் என்னும் ஒரே பெயர் பெற்றுவிடுகின்றன.

கும்பத்தில் நீர் கூடுவதைப் போலவே ஊரில் மக்களும் கூடுகின்றனர். பிழைப்பை நாடி வெளியூர்களுக்கும் கடல் கடந்த நாடுகளுக்கும் சென்றவர்கள், 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் இத்திருநாளை முன்னிட்டுப் பிறந்த மண்ணை மிதிக்கின்றனர். ஒரே பள்ளியில் ஒரே பலகையில் அமர்ந்து படித்தவர்கள் நரைத்த தலையோடு சந்நிதியில் எதிர்ப்படுகின்றனர். அடையாளம் கண்டுகொள்ளச் சிறிது நேரம் ஆகிறது; கண்டுகொண்ட பின்னரோ பிரிய மனம் வருவதில்லை. “இன்னும் இரண்டு நாள் தங்குங்கள், பக்கத்துத் தலங்களையெல்லாம் சேர்ந்தே சேவித்துவிட்டு வரலாம்” என்கிறார் ஒருவர். “இறைவனைத் தரிசிக்க வந்த இடத்தில் ஊர் சுற்றலாமா?” என்று தயங்குகிறார் மற்றவர்.

இத்தயக்கம் வேண்டுவதில்லை. பழைய நண்பரைக் காணச் செல்வதும், அவரோடு கூடிப் பழம்பதிகளைக் காணச் செல்வதும் வழிபாட்டுக்குப் புறம்பானவை அல்ல. அவையே வழிபாடு என்று நம் முன்னோர் நடந்து காட்டியிருக்கின்றனர்.

திருவள்ளுவர் நட்பைப் பற்றி 5 அதிகாரங்கள் வகுத்தார். அவற்றுள் 81ஆம் அதிகாரத்திற்குப் ‘பழைமை’ என்றே பெயரிட்டார். நெடுங்காலம் பழகிய நண்பன் உரிமையோடு ஒன்றைச் செய்தால், அதனைக் குற்றமாகக் கொள்ளாமல் ஏற்றுக்கொள்வதே பழைமை என்பது அவர் கருத்து. புதிய நட்புக்குப் பொறுமை அவ்வளவாக வேண்டுவதில்லை. பழைய நட்பே பொறுமையைக் கேட்கும். ஆகவேதான் அதற்குத் தனியே ஓர் அதிகாரம் வேண்டியிருந்தது போலும்!

இந்த உண்மைக்குச் சான்றாகப் பெரியபுராணத்தில் விளங்குபவர்கள் இருவர். ஒருவர் தம்பிரான் தோழர் என்று பெயர் பெற்ற சுந்தரமூர்த்தி நாயனார். மற்றவர் கழறிற்றறிவார் என்னும் சேரமான் பெருமாள் நாயனார். சேரமான் நாள்தோறும் பூசையின் முடிவில் தில்லைக் கூத்தனின் சிலம்பொலியைக் கேட்பவர். ஒருநாள் அவ்வொலி தாமதித்தது. சுந்தரரின் பாடலில் இறைவன் தோய்ந்திருந்தமையே காரணம் என அறிந்தார். வேறொருவராக இருந்தால் பொறாமை கொண்டிருப்பார். சேரமானோ அப்பாடலைப் பாடியவரைக் கண்டே தீருவது என்று புறப்பட்டார். நாட்டை விட்டார், தில்லையை வணங்கினார், திருவாரூரை அடைந்தார். இருவரும் ஒருவர் காலில் ஒருவர் விழுந்தனர், எழுந்து தழுவினர். பரவையார் திருமாளிகையில் உடன் அமர்ந்து அமுது செய்யச் சேரமான் அஞ்சினார்; சுந்தரர் அவர் கையைப் பற்றித் தம்மோடு அமர்த்திக்கொண்டார். முடியணிந்த கையும் தமிழ் எழுதிய கையும் ஒரு பந்தியில் ஒன்றாயின.

அதன்பின் அவர்கள் வீட்டில் அமர்ந்து பழங்கதை பேசிக்கொண்டிருக்கவில்லை. இருவரும் தலயாத்திரை புறப்பட்டனர். நாகைக்காரோணம், திருமறைக்காடு முதலிய தலங்களைத் தொழுது பாண்டி நாடு புகுந்தனர். மதுரையில் பாண்டியன் எதிர்கொண்டான். அவன் மகளை மணந்த சோழனும் அங்கே இருந்தான். திருப்பூவணம், திருவேடகம், திருப்பரங்குன்றம், குற்றாலம், நெல்வேலி, இராமேச்சுரம், திருச்சுழியல், கானப்பேர் என்று அந்த யாத்திரை நீண்டது. பரங்குன்றத்தில் சுந்தரர் பாடியபோது சேர, சோழ, பாண்டியர் மூவரும் ஒரு சந்நிதியில் நின்று கேட்டனர். போர்க்களத்தில் சந்தித்துப் பழகிய மூன்று முடிகளை ஒரு சந்நிதியில் நிறுத்தியது எது? இரண்டு அன்பர்களின் நட்பேயன்றோ!

அன்பர்களே, சேரநாட்டையும் பாண்டிநாட்டையும் பிரித்து நிற்பவை மலைகள். அம்மலைகளின் மடியில் கிடப்பதே இக்கம்பம் பள்ளத்தாக்கு. மேற்கே ஏலமலை, கிழக்கே, முகில் தவழ்வதால் அப்பெயர் பெற்ற மேகமலை. சின்னமனூரிலிருந்து ஏறும் பாதை 18 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து செல்கிறது. அவ்வளைவுகளுக்கு மலர்களின் பெயர்களைச் சூட்டியிருக்கின்றனர். ஏறத்தாழ 5,000 அடி உயரத்தில் தேயிலைத் தோட்டங்களும் நீர்த்தேக்கங்களும் சோலைக்காடுகளும் விரிகின்றன. அங்கு நிற்பவர்க்குப் பள்ளத்தாக்கு முழுவதும் ஒரு பச்சைக் கம்பளமாகத் தோன்றும். மதுரைச் சொக்கன் பிட்டுக்கு மண் சுமந்த வைகை இம்மலைத் தொடரிலேதான் பிறக்கிறது. பிதிர்க்கடன் செய்வோர் நீராடும் சுருளித் தீர்த்தத்துக்கும் இத்தொடரே நீர் வழங்குகிறது. இம்மலைக் காடுகள் 2021ஆம் ஆண்டு முதல் திருவில்லிபுத்தூர் – மேகமலைப் புலிகள் காப்பகமாகப் பேணப்படுகின்றன.

இங்கே இன்னோர் அதிசயமும் உண்டு. சேரநாட்டில் மேற்கு நோக்கி ஓடிய பேரியாற்றின் நீரை அணையிட்டுத் தடுத்து, மலையைக் குடைந்து, 1895ஆம் ஆண்டில் கிழக்கே திருப்பினார் பென்னிகுயிக். அன்று முதல் சேரனின் ஆறு இப்பள்ளத்தாக்கின் வயல்களை நனைத்து, தேனியின் பக்கத்தில் பாண்டியனின் வைகையோடு கலக்கிறது. சேரமான் பெருமாள் சுந்தரரைக் காண வந்ததுபோல, பேரியாறும் வைகையைக் காண மலை கடந்து வருகிறது!

அப்பேரியாற்றின் கரையிலேயே தமிழகத்தின் மற்றொரு பெரிய நட்பும் மலர்ந்திருக்கிறது. சேரன் செங்குட்டுவன் மலைவளம் காண விரும்பித் தேவி வேண்மாளோடு வந்து பேரியாற்று மணற்கரையில் தங்கினான். அவனுடன் இருந்தவர் மதுரைத் தமிழாசான் சாத்தனார். மலைக்குறவர் வந்து, வேங்கை மர நிழலில் நின்ற ஒரு பெண் தன் கணவனோடு விண்ணேறிய அதிசயத்தைக் கூறினர். அவள் யார் என்று ஒருவரும் அறியார், சாத்தனார் அறிவார். மதுரையில் நிகழ்ந்ததை அவரே எடுத்துரைத்தார். நண்பர் ஒருவர் உடனிருந்ததனால், காணச் சென்ற மலை வரலாறாயிற்று. அவ்வரலாற்றை இளங்கோவடிகள் காப்பியமாக்கினார். இளங்கோவடிகள் சமணத் துறவி என்றும், சாத்தனார் பௌத்தர் என்றும் சான்றோர் கூறுவர். சமயம் அவர்களைப் பிரிக்கவில்லை.

அதன் முடிவு இன்னும் சிறந்தது. கண்ணகிக்குச் செங்குட்டுவன் கோயில் எடுத்துக் கடவுள் மங்கலம் செய்தபோது, இன்றைய மொழியில் குடமுழுக்குச் செய்தபோது, சிறையிருந்த ஆரிய மன்னரை விடுவித்தான். குடகக் கொங்கரும், மாளுவ வேந்தரும், இலங்கைக் கயவாகு வேந்தனும் அங்கே வந்து வணங்கினர். நேற்றுவரை பகைவர், கும்பாபிஷேக நாளில் விருந்தினர். கோயில் எழுப்புவதன் பயன் இதுவே என்று அக்காப்பியம் உணர்த்துகிறது.

கூடலூர்க்கு மேலே வண்ணாத்திப்பாறையில் நிற்கும் மங்கலதேவி கோட்டம் அக்கண்ணகியின் கோயில் என்று மக்கள் போற்றுகின்றனர். கண்ணகி நடந்த வழியைத் தாமும் நடந்து ஆராய்ந்த பேராசிரியர் சி. கோவிந்தராசனார், 1963ஆம் ஆண்டில் அக்கோட்டத்தைக் கண்டு உலகுக்கு அறிவித்தார். ஆண்டுக்கு ஒருநாள், சித்திரைப் பௌர்ணமியன்று, பளியன்குடியிலிருந்து காட்டுவழியே நடந்தும், குமுளியிலிருந்து ஜீப்புகளிலும் மக்கள் ஏறுகின்றனர். தமிழரும் மலையாளிகளும் ஒரே சந்நிதியில் நின்று தொழுகின்றனர். கற்கள் சரிந்து கிடக்கும் அக்கோட்டத்தைக் கண்டு திரும்புவோர் கண்கலங்காமல் திரும்புவதில்லை.

மலையேற இயலாதவர் மனம் தளர வேண்டா. பள்ளத்தாக்கிலேயே காண வேண்டியவை பல. சின்னமனூரில் பூலாநந்தீசுவரர் எழுந்தருளியிருக்கிறார். உயர்ந்தவர்க்கு உயர்ந்தவராகவும் குறியவர்க்குக் குறியவராகவும் அளவுக்கு அளவாக நின்றவர். அன்போடு தழுவிய பாண்டியனுக்குக் குழைந்து தந்தவர் என்று தலவரலாறு போற்றுகிறது. இதைவிட நட்புக்கு இலக்கணம் வேறுண்டோ? வந்தவனின் உயரத்துக்குத் தன்னை ஆக்கிக்கொள்பவனே தோழன். இவ்வூரில் கிடைத்த பாண்டியர் செப்பேடுகள் வரலாற்றறிஞர்க்குப் பெருஞ்செல்வம். 10ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்த பெரிய சின்னமனூர்ச் செப்பேடு, பாண்டியர் மதுரையில் சங்கம் வைத்ததையும் மகாபாரதத்தைத் தமிழாக்கியதையும் கூறுகிறது.

உத்தமபாளையத்தில் தென்காளத்தி என்று போற்றப்பெறும் திருக்காளாத்தீசுவரரும் ஞானாம்பிகையும் அருள் புரிகின்றனர். அவ்வூர்ப் பாறையிலே சமண தீர்த்தங்கரர் உருவங்கள் வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. கீழே வட்டெழுத்தில் பெயர்கள். அச்சணந்தி என்னும் முனிவர் பெயரும் அங்கே காணப்படுகிறது. ஆயிரம் ஆண்டு பழைமையுடைய அம்முனிவர்களுக்குப் பக்கத்தில் இன்று காவல் இருப்பவர் கருப்பண்ணசாமி! கம்பத்திலோ ஒரே வளாகத்தில் கம்பராயப் பெருமாளும் காசி விசுவநாதரும் எழுந்தருளியிருக்கின்றனர். தெய்வங்களே அண்டை வீட்டாராய்ப் பழகும் பள்ளத்தாக்கு இது.

ஆயினும் ஒன்றை மறைக்க வேண்டியதில்லை. தெய்வங்கள் பழகும் இடத்தில் மனிதர் பிணங்குவதும் உண்டு. முதல் மரியாதை யாருக்கு, பரிவட்டம் யாருக்கு, கல்வெட்டில் எவர் பெயர் முன்னே என்னும் வழக்கால் பூட்டிக் கிடந்த கோயில்கள் தமிழ்நாட்டில் எத்தனை! ஒன்றாக வளர்ந்த இருவர், ஒரு தேரின் இரு வடத்தைப் பிடித்தவர்கள், ஒரு சொல்லால் பிரிந்து ஆண்டுக்கணக்கில் எதிரெதிர்த் திண்ணையில் பேசாது அமர்ந்திருப்பதைக் காணாத ஊர் எது? அவர்களுள் ஒருவர் காலமான பின், மற்றவர் தெருமுனையில் நின்று அழுவதையும் ஊர் கண்டிருக்கிறது. அந்த அழுகையால் ஆவது என்ன?

அடியார்க்குள்ளும் பிணக்கு வந்தது. பரவையாரிடம் இறைவனையே தூது அனுப்பினார் சுந்தரர் என்று கேட்டு, ஏயர்கோன் கலிக்காம நாயனார் சினம் மூண்டு அவரைக் காணவும் வெறுத்தார். இறைவன் கலிக்காமருக்குச் சூலைநோய் தந்து, அதைத் தீர்ப்பவர் சுந்தரரே என்று அறிவித்தான். அவரால் தீர்வதைவிட உயிர் விடுவதே மேல் என்று கலிக்காமர் உடைவாளால் தம் வயிற்றைக் கிழித்தார். சுந்தரரோ, தம்மை வெறுப்பவர் என்று அறிந்தும், அவர் வீட்டை நாடித் தாமே நடந்தார். கிடந்த உடலைக் கண்டு, “நானும் இவர் வழியே செல்வேன்” என்று வாளைப் பற்றினார். இறையருளால் கலிக்காமர் உயிர்த்தெழுந்து அவ்வாளைப் பிடித்துக்கொண்டார். இருவரும் ஒருவரையொருவர் வணங்கித் தழுவினர். தழுவியதும் செய்தது என்ன? இருவரும் கூடித் திருப்புன்கூர் சென்று இறைவனைத் தொழுதனர். பின்பு திருவாரூருக்கும் சேர்ந்தே சென்றனர். பிணக்குத் தீர்ந்ததற்கு முத்திரை, சேர்ந்து செய்த தலயாத்திரை!

ஆகவே, திருக்கோயிலுக்குக் காணிக்கை தந்த செல்வர்கள் இன்னும் ஒரு காணிக்கை தரவேண்டும். பணத்தைக் காட்டிலும் அது கடினமானது. இன்று பிரசாதம் பெற்று வீடு திரும்புமுன், நெடுநாள் காணாத நண்பர் ஒருவரின் வாயிற்படியை மிதித்தல் வேண்டும். மனம் வேறுபட்டவர் ஒருவர் உண்டெனில் அவர் வீடே முதல் வீடு. முதலில் சென்றவர் சிறியவராகிவிட மாட்டார்; சென்றவர் சுந்தரர் என்பதை நினைவிற்கொள்ளுதல் போதும்.

சென்றபின், அவரையும் அழைத்துக்கொண்டு அருகிலுள்ள பழங்கோயில் ஒன்றிற்குச் செல்லுதல் வேண்டும். எரியாத விளக்கு இருந்தால் ஒரு படி எண்ணெய் வார்த்தல் நன்று. சுவரில் எழுத்து இருந்தால் அதன்மேல் சுண்ணாம்பு படாமலும், மணல் வீச்சால் அது தேயாமலும் காத்தல் இன்னும் நன்று. அவ்வெழுத்து முன்னோர் நமக்கு விடுத்த ஓலை. படிக்கத் தெரியாவிட்டாலும் கிழித்தெறிதல் முறையன்று. பழைய நண்பரைப் போலவே பழைய கல்லும் போய்ப் பார்ப்பவர் இல்லாமையாலேதான் மறைகிறது.

இறுதியாக, அவ்விரு தோழர்களின் கடைசிப் பயணத்தை அன்பர்கள் நினைவுகூர்தல் வேண்டும். திருவஞ்சைக்களத்தில் சுந்தரர் வெள்ளை யானை மீது கயிலைக்குப் புறப்பட்டார். ஏறும்போது அவர் நெஞ்சு நினைத்தது தம் தோழரை. அதை உணர்ந்த சேரமான், தம் குதிரையின் செவியில் ஐந்தெழுத்தை ஓதி, விண்வழியே பறந்து யானையை வலம் வந்து முன்சென்றார். கயிலையின் வாயிலில் சுந்தரருக்கு வழி கிடைத்தது. சேரமானுக்குத் தடை நேர்ந்தது. உள்ளே சென்ற சுந்தரர் தமக்கென ஒன்றும் கேட்கவில்லை. வாயிலில் ஒரு தோழர் நிற்கிறார் என்றே விண்ணப்பித்தார். இறைவன் அழைத்தான், சேரமான் உட்புகுந்து திருக்கயிலாய ஞான உலாவை அங்கேயே அரங்கேற்றினார்.

கயிலை வாயிலிலும் நண்பனுக்காக நின்று பேசுபவனே நண்பன். அத்தகைய நண்பர் ஒருவரேனும் ஒவ்வொருவர்க்கும் வாய்க்கவும், அவரைத் தேடிச் செல்லும் கால்வலிமையும் மனவலிமையும் குறையாதிருக்கவும், அளவுக்கு அளவாக நின்றருளும் பெருமான் திருவருள் புரிவானாக!

திருச்சிற்றம்பலம்.