கண்டீரவாவில் சனிக்கிழமை: நமக்கு எவ்வளவு சான்ஸ்?

(2018 மார்ச் 15 அன்று பதிவான எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சில் வந்த இழுவைகளும் திரும்பத் திரும்பச் சொன்னவையும் நீக்கப்பட்டுள்ளன.)

குரல் கொஞ்சம் கட்டியிருக்கு, பொறுத்துக்குங்க. செவ்வாய்க்கிழமை ராத்திரி நேரு ஸ்டேடியத்துல கத்தினது இன்னும் சரியாகல. கோவாவை 3-0. ஜேஜே ரெண்டு, நம்ம தனபால் கணேஷ் ஒண்ணு. இந்த லீக்ல 42 கோல் அடிச்ச டீம் கோவா. அவங்களை ரெண்டு செமி ஃபைனல் ஆட்டத்துலயும் சேர்த்து ஒரே ஒரு கோலோட நிறுத்தி அனுப்பியிருக்கோம். அதைப் பத்தி மட்டுமே ஒரு மணி நேரம் பேசலாம், ஆனா நேரமில்லை. சனிக்கிழமை ஃபைனல். பெங்களூரு எஃப்சி, அவங்க ஊர், அவங்க மைதானம்.

முதல்ல புள்ளிப்பட்டியல். ஆபீஸ்ல எனக்குப் பக்கத்து சீட்டுக்காரன் வெஸ்ட் பிளாக் ப்ளூஸ் ஆளு. நேத்து காலையில இருந்து ஒரே ஸ்கிரீன்ஷாட்டை நாலு தடவை அனுப்பிட்டான். பெங்களூரு 40 புள்ளி, முதல் இடம். சென்னையின் 32 புள்ளி, ரெண்டாவது இடம். நடுவுல எட்டு புள்ளி. "இது ஃபைனலே இல்லடா, ஃபார்மாலிட்டி"ன்னு கீழ ஒரு வரி வேற.

சரி, அந்த எட்டு புள்ளி எங்கிருந்து வந்ததுன்னு பிரிச்சுப் பார்ப்போம். வேலையில பக் வந்தா லாக்கைத் திறந்து பார்க்கிற மாதிரிதான். பெங்களூரு 18 ஆட்டத்துல 13 வெற்றி, 1 டிரா, 4 தோல்வி. நாம 9 வெற்றி, 5 டிரா, 4 தோல்வி. கவனிச்சீங்களா? தோல்வி ரெண்டு பேருக்கும் அதே நாலு. அவங்க நம்மளை விடக் கம்மியா தோக்கல. நாலு ஆட்டத்துல நாம டிரா பண்ணினோம், அவங்க ஜெயிச்சாங்க. ஒரு டிரா வெற்றியா மாறினா ரெண்டு புள்ளி கூடும். நாலு ரெண்டு எட்டு. மொத்த வித்தியாசமும் அதுதான்.

ஃபைனல்ல டிரா கிடையாது. 90 நிமிஷத்துல முடியலைன்னா எக்ஸ்ட்ரா டைம், அதுலயும் முடியலைன்னா பெனால்டி. அதனால பட்டியல்ல நம்மளைப் பின்னாடி தள்ளின விஷயம் சனிக்கிழமை ஆட்டத்துல இல்லவே இல்லைன்னு நான் வாதம் பண்ணலாம். பக்கத்து சீட்டுக்காரன்கிட்ட பண்ணவும் செஞ்சேன்.

நேத்து ராத்திரி நம்ம குரூப் காலில் இதையே சொன்னப்ப, பெரம்பூர் அண்ணன் ஒரே கேள்வியில என்னை உட்கார வச்சுட்டார். "அந்த டிராவெல்லாம் எப்படி டிரா ஆச்சு தம்பி?"

நியாயமான கேள்வி. டிசம்பர் 22, கேரளா பிளாஸ்டர்ஸ், சென்னையில. மிஹெலிச் 89-வது நிமிஷம் பெனால்டி அடிச்சு 1-0 ஆக்கினார். ஸ்டேடியமே ஜெயிச்சாச்சுன்னு நினைச்சுது. இஞ்சுரி டைம்ல சி.கே. வினீத் அடிச்சார், 1-1. ஜனவரி 7, டெல்லி டைனமோஸ், அதுவும் நம்ம ஊர்லதான். ஜேஜே ரெண்டு கோல், 2-1 முன்னிலை, மறுபடியும் இஞ்சுரி டைம், கயான் ஃபெர்னாண்டஸ், 2-2. அஞ்சு டிராவுல இந்த ரெண்டும் கையில இருந்த ஆட்டம். கடைசி அஞ்சு நிமிஷத்தைப் பிடிச்சு வைக்கத் தெரியாம விட்டது.

"டிரா கிடையாதுன்னா நல்லதுன்னு நீ சொல்ற. முன்னாடி போயிட்டு பிடிச்சு வைக்கத் தெரியாத டீமுக்கு ஃபைனல் இன்னும் ஆபத்து"ன்னார் அண்ணன். அவர் 2014-ல இருந்து ஒரு ஹோம் மேட்ச் விடாம வர்றவர், எப்பவும் தோல்வியை எதிர்பார்த்துதான் வருவார். ஆனா இந்த விஷயத்துல அவர் சொல்றது எனக்குச் சரின்னு படுது. சனிக்கிழமை எனக்கு முதல் நிமிஷம் பயமில்லை. 80-வது நிமிஷம்தான் பயம்.

இதுக்கு மறுபக்கமும் இருக்கு. டிசம்பர் 17, இதே கண்டீரவா. ஜேஜே அஞ்சாவது நிமிஷமே அடிச்சார். அதுக்கப்புறம் எண்பது நிமிஷம் தாக்குப் பிடிச்சோம். 85-ல சேத்ரி சமன் பண்ணினார். சரி, இன்னொரு டிரா, வழக்கமான கதைன்னு நான் பையை எடுத்து மாட்டிட்டேன். 88-ல கணேஷ், 2-1! வியாசர்பாடியில வளர்ந்த பையன், பெங்களூரு மைதானத்துல, பெங்களூரு கூட்டத்துக்கு முன்னாடி. இந்த சீசன் ஐஎஸ்எல்ல பெங்களூருவை அவங்க வீட்டுல தோற்கடிச்ச டீம் ரெண்டே ரெண்டுதான். ஒண்ணு ஜம்ஷெட்பூர், இன்னொண்ணு நாம. கடைசி நிமிஷம் நமக்கு எதிராவே வேலை செய்யும்னு எழுதி வைக்கல.

பிப்ரவரியில நம்ம ஊருக்கு வந்து அவங்க 3-1 அடிச்சதையும் சொல்லியாகணும். சொல்லிட்டேன், அடுத்ததுக்குப் போவோம்.

ஆட்டம் எங்க முடிவாகும்? என் கணக்குல நம்ம இடது பக்கம். ஜெர்ரி லால்ரின்ஸுவாலா எதிரா உதாந்தா சிங். ஜெர்ரிக்கு 19 வயசு. 2016-ல லீக்கோட வளரும் வீரர் விருது வாங்கின பையன், இடது கால் அருமை. அவனுக்கு முன்னாடி ஏறிப்போய் ஆடணும். ஆனா அவன் ஏறினா பின்னாடி காலியாகுற இடத்துல ஓடறதுக்குத்தான் உதாந்தா இருக்கார். அந்த வேகத்துக்கு இந்தியாவுல யார்கிட்டயும் சுலபமான பதில் கிடையாது. உதாந்தா கோட்டு வரைக்கும் ஓடி உள்ளே கிராஸ் போட்டா, அங்க சேத்ரியும் மிக்குவும் நிப்பாங்க. ரெண்டு பேரும் சேர்ந்து இந்த சீசன்ல இருபதுக்கு மேல அடிச்சிருக்காங்க. செமி ஃபைனல்ல புனேவுக்கு எதிரா சேத்ரி ஹாட்ரிக். அதனால ஜெர்ரி முதல் அரை மணி நேரம் பின்னாடியே இருந்தா போதும்னு நான் சொல்றேன். கோயம்புத்தூர் தம்பி இதை ஒத்துக்கல. ஜெர்ரி ஏறலைன்னா கிரெகரி நெல்சன் அந்தப் பக்கம் தனியா மாட்டிக்குவார், நமக்கு தாக்குதலே இருக்காதுங்கறான். அவன் சொல்றதுலயும் விஷயம் இருக்கு. இதை நாங்க இருபது நிமிஷம் பேசினோம், முடிவுக்கு வரல.

நடுவுல பிக்ரம்ஜித்தும் கணேஷும் சேர்ந்து ஆடினா எனக்கு நிம்மதி. அவங்க பக்கம் டிமாஸும் பார்த்தாலுவும் பந்தை வச்சுக்கிட்டு நம்மளை ஓட விடுவாங்க. ஆல்பர்ட் ரோகா பார்சிலோனாவுல ரைக்கார்டுக்கு உதவியாளரா இருந்தவர், அவர் டீம் பந்தை சும்மா கொடுக்காது. நாம அவங்ககூட பந்துக்குப் போட்டி போட வேண்டாம். 18 ஆட்டத்துல அவங்க 35 கோல் அடிச்சிருக்காங்க, நாம 24. திறந்த ஆட்டம் ஆடினா அந்தக் கணக்கு நமக்கு ஆகாது.

நமக்கு கோல் எங்கிருந்து வரும்? கார்னர், ஃப்ரீ கிக். டிசம்பர்ல புனேவை 1-0 ஜெயிச்சப்ப அடிச்சது யாரு, டிஃபெண்டர் சேரேனோ. அவர், மேய்ல்சன், கால்டெரோன் மூணு பேரும் பெட்டிக்குள்ள போனா யாருக்கும் தொல்லைதான். குர்ப்ரீத் உயரமானவர், நார்வேல ஆடிட்டு வந்தவர், இந்தியாவோட முதல் நம்பர் கோல்கீப்பர். தூரத்துல இருந்து அவரை அடிச்சுத் தோற்கடிக்கறது கஷ்டம். ஆனா அவருக்கு முன்னாடி ஆறு பேர் நெரிசலா நின்னா அவரும் மனுஷன்தானே. பெனால்டி வரைக்கும் மட்டும் போகவே கூடாது. கரண்ஜித் மேல எனக்கு மரியாதை உண்டு, இருந்தாலும் எதிர்ல குர்ப்ரீத் நிக்கறப்ப அந்தச் சூதாட்டம் வேண்டாம்.

ஓய்வு விஷயம் யாரும் பேச மாட்டேங்கறாங்க. அவங்க செமி ஃபைனல் ஞாயிற்றுக்கிழமை முடிஞ்சுது, வீட்டுலயே. நாம செவ்வாய்க்கிழமை ஆடிட்டு 350 கிலோமீட்டர் வர்றோம். கால்டெரோனுக்கு 36 வயசு. அவங்களுக்கு ஏஎஃப்சி கப் ஆட்டங்களும் நடுவுல இருக்குங்கறது உண்மைதான், ஆனா அவங்க ஸ்குவாட் பெருசு. அதனால ஜான் கிரெகரி எப்ப யாரை மாத்துவார்ங்கறதுதான் எனக்கு முக்கியம். 60-க்கு மேல அனிருத் தாபாவை இறக்கணும். கோவாவுல 1-0 பின்னாடி இருந்தப்ப சமன் பண்ணினது அந்தப் பையன்தான். கிரெகரி ஆஸ்டன் வில்லாவை 2000-ல எஃப்ஏ கப் ஃபைனல் வரைக்கும் கொண்டு போய் செல்சீகிட்ட தோத்தவர். ஒரு ஃபைனல்ல தோத்தா எப்படி இருக்கும்னு அவருக்கு நாம சொல்ல வேண்டியதில்லை.

வாட்ஸ்அப்ல ஒரு ஃபார்வர்டு சுத்துது. "ஐஎஸ்எல் ஃபைனல்ல சொந்த ஊர் டீம் ஜெயிச்சதே இல்லை." உண்மைதான். 2015-ல கோவா சொந்த மைதானத்துல நம்மகிட்ட தோத்துது. 2016-ல கேரளா கொச்சியில ஏடிகேகிட்ட பெனால்டியில தோத்துது. அவ்வளவுதான், மொத்தமே ரெண்டு ஆட்டம். ரெண்டு டேட்டா பாயிண்டை வச்சு கிராஃப் போட்டா எங்க மேனேஜர்கூட சிரிப்பார். 2014 ஃபைனல் மும்பையில நடந்தது, அது ரெண்டு பேருக்கும் வெளியூர். இதை நம்பி யாரும் பந்தயம் கட்டாதீங்க.

2015-ஐ நினைக்கிறது வேற காரணத்துக்காக. அந்த டிசம்பர்ல வெள்ளத்தால நம்ம ஹோம் செமி ஃபைனலையே புனேவுல ஆட வேண்டியதாச்சு. ஃபைனல்ல 90-வது நிமிஷம் 2-1 பின்னாடி. அப்ப ஒரு சேம்சைட் கோல், அப்புறம் மெண்டோசா, 3-2. அந்த சீசன் டீம்ல இருந்து மேய்ல்சன், ரஃபேல் அகஸ்டோ, ஜேஜே இன்னும் நம்மகிட்டதான் இருக்காங்க. கடைசி நிமிஷத்துல எதுவும் நடக்கும்னு இவங்களுக்கு நேர்ல தெரியும்.

ஜெயிச்சா என்ன கிடைக்கும்னு ஒரு நண்பர் மெயில்ல கேட்டிருந்தார். கோப்பை போக, ஏஎஃப்சி கப் தகுதிச் சுற்று. சென்னையின் முதல் தடவையா ஆசியப் போட்டிக்குப் போகும். எனக்கு இன்னொரு சின்ன ஆசையும் இருக்கு. அடுத்த மாசம் ஐபிஎல் ஆரம்பிக்குது, ரெண்டு வருஷத் தடை முடிஞ்சு சிஎஸ்கே திரும்ப வருது. அதுக்கப்புறம் நம்ம ஊர்ல பந்துன்னாலே அந்தப் பந்துதான். தோனி நம்ம டீமுக்கும் ஒரு ஓனர்ங்கறதே பாதிப் பேருக்கு ஞாபகம் வராது. அதுக்கு முன்னாடி ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில டீக்கடைப் பேப்பர்ல ஜேஜே படம் பெருசா வரட்டுமே.

கடைசியா, சென்னையில இருந்து வர்றவங்களுக்கு. ஜெர்சி போட்டுட்டு நடக்கலாமா, கார்ல வரலாமான்னு ரெண்டு மூணு பேர் கேட்டிருந்தீங்க. ஏன் கேக்கறீங்கன்னு தெரியும். 2016 செப்டம்பர்ல இந்த ஊர்ல டிஎன் வண்டிகளுக்கு என்ன ஆச்சுன்னு யாரும் மறக்கல, போன மாசம்தான் காவிரித் தீர்ப்பும் வந்திருக்கு. நான் பார்த்ததை மட்டும் சொல்றேன். டிசம்பர்ல நீல ஜெர்சியோட மெட்ரோல போய், மெட்ரோலயே வந்தேன். உள்ளே வெஸ்ட் பிளாக் ஆளுங்க தொண்டை கிழியக் கிண்டல் பண்ணினாங்க, நாமளும் விடல. வெளியே வந்தப்ப ஒருத்தர் கையைக் கொடுத்து, "உங்க கணேஷ் நல்லா ஆடினான்"னு தமிழ்லயே சொல்லிட்டுப் போனார். இந்த ஊர்ல அவங்க டீமுக்கும் தமிழ் பேசற ரசிகர்கள் நிறைய உண்டு. என் யோசனை, பஸ் இல்ல ரயில்ல வாங்க. காரணம் பார்க்கிங். மைதானத்தைச் சுத்தி வண்டி விட இடமே கிடைக்காது. கப்பன் பார்க் ஸ்டேஷன்ல இறங்கினா நடந்துடலாம். சூப்பர்மச்சான்ஸ், பி ஸ்டாண்ட் ப்ளூஸ் ரெண்டு குரூப்பும் வர்றாங்க, அவங்களோட சேர்ந்து உள்ளே போங்க.

என் கணிப்பைக் கேக்காம விட மாட்டீங்க. 2-1, நமக்கு. பெரம்பூர் அண்ணன் 3-1, அவங்களுக்குன்னார், ஆனா டிக்கெட் வாங்கிட்டார். கோயம்புத்தூர் தம்பி 1-0, ஜெர்ரி ஃப்ரீ கிக்கில. பக்கத்து சீட்டுக்காரன்கூட ஒரு வாரத்து மதியச் சாப்பாடு பந்தயம். ஆட்டம் ராத்திரி எட்டு மணிக்கு. முடிஞ்சதும் மைதானத்து வாசல்ல நின்னே ஒரு பத்து நிமிஷம் பதிவு பண்றேன். குரல் வந்தா கேளுங்க.