வண்டல் வளர்த்த தீவு
(யூபிலி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

மழை எப்போது வரும் என்று பச்சைமலையைப் பார்த்துக் காத்திருக்கும் பூலாம்பாடி மக்களாகிய நாம், இன்று தண்ணீரின் நடுவே வாழும் ஓர் ஊரைப் பற்றிச் சிந்திப்போம். அதுதான் கேரள மாநிலம் கொல்லம் மாவட்டத்திலுள்ள மன்றோத் தீவு. கல்லடை ஆறு அஷ்டமுடிக் காயலில் கலக்கும் இடத்தில் அது அமைந்திருக்கிறது.

மலையாளத்தில் அதனை 'மன்றோ துருத்து' என்பர். 'துருத்து' என்பது நமக்கு அந்நியமான சொல்லன்று. ஆற்றின் நடுவே அமைந்த திட்டுக்குத் தமிழில் 'துருத்தி' என்று பெயர். தஞ்சைக்கு அருகிலுள்ள திருப்பூந்துருத்தியும், குத்தாலத்தின் பழம்பெயராகிய திருத்துருத்தியும் அச்சொல்லை இன்றும் சுமந்து நிற்கின்றன.

தீவைச் சொல்லுமுன் அதைச் சூழ்ந்த காயலைச் சொல்ல வேண்டும். அஷ்டமுடி என்றால் எட்டு முடி. எட்டுக் கிளைகளாக விரிந்து கிடப்பதால் வந்த பெயர். சுமார் 61 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இந்தக் காயல் நீண்டகரை என்னுமிடத்தில் கடலோடு வாய் திறக்கிறது. ஒரு பக்கம் ஆற்று நீர், மறுபக்கம் உப்பு நீர். 2002-ஆம் ஆண்டில் இது ராம்சார் ஒப்பந்தத்தின் கீழ் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலில் இடம்பெற்றது.

காயலின் கரையிலே கொல்லம் நகரம். பழங்காலத் துறைமுகமான அந்நகரின் தேவாலயம் ஒன்றுக்கு வேணாட்டு அரசர் நிலமும் உரிமைகளும் வழங்கியதைத் தரிசாப்பள்ளிச் செப்பேடு கூறுகிறது. அதன் காலம் கி.பி. 849. 1329-இல் திருத்தந்தை 22-ஆம் யோவான் இந்தியாவின் முதல் மறைமாவட்டத்தை நிறுவியதும் கொல்லத்தில்தான். நம் திருச்சபையின் வரலாற்றில் இவ்வளவு பழமை வாய்ந்த கரைக்கு எதிரே அந்தத் தீவு இருக்கிறது.

தீவுக்குப் பெயர் தந்த மன்றோ யார்? சென்னைத் தீவுத்திடல் அருகே குதிரைமேல் அமர்ந்திருக்கும் தாமஸ் மன்றோ அல்லர். இவர் கர்னல் ஜான் மன்றோ. 1810 முதல் 1819 வரை திருவாங்கூரில் ஆங்கிலேயரின் ரெசிடெண்டாக இருந்தவர். சில ஆண்டுகள் திவானாகவும் பணியாற்றியவர். கோட்டயத்தில் சிரியன் கிறிஸ்தவர்களுக்காக அமைந்த செமினரியின் செலவுக்கென இத்தீவைத் திருவாங்கூர் அரசு தானமாக வழங்கியது. அதற்குத் துணைநின்றவரின் பெயர் தீவுக்குச் சூட்டப்பட்டது. பின்னர் சர்ச் மிஷன் சங்கத்தின் கைக்குப் போன தீவை, இருபதாம் நூற்றாண்டில் திருவாங்கூர் அரசு மீண்டும் எடுத்துக்கொண்டது.

அங்கே காணத்தக்கவை யாவை? தீவு என்று பெயரே ஒழிய, அது எட்டுச் சிறு தீவுகளின் கூட்டம். மொத்தப் பரப்பு சுமார் 13 சதுர கிலோமீட்டர். கொல்லம்–எர்ணாகுளம் இருப்புப்பாதையில் அதற்கென ஒரு ரயில் நிலையமும் உண்டு. வீட்டுக்கு வீடு வாய்க்கால். வாசலில் கட்டிய படகு. மூங்கில் கோலை ஊன்றிப் படகோட்டி தள்ளிச் செல்ல, தாழ்வான நடைபாலங்களின் கீழ் வரும்போதெல்லாம் அமர்ந்திருப்போர் தலை குனிய வேண்டும். இருபுறமும் தென்னை, கரையோரம் அலையாத்திச் செடிகள். தேங்காய் மட்டையை நீரில் ஊறவைத்துக் கயிறு திரிப்பது அம்மக்களின் பழைய தொழில். மீனும் இறாலும் மற்றொரு பிழைப்பு. இடியக்கடவில் 1878-இல் கட்டியதென்று சொல்லப்படும் தேவாலயத்தை ஊரார் டச்சுப் பள்ளி என்பர்; ஆனால் டச்சுக்காரரின் ஆட்சி அக்கரையில் 1795-இலேயே முடிந்துவிட்டது. ஓணம் கழிந்த இருபத்தெட்டாம் நாளில் கல்லடை ஆற்றில் நடக்கும் படகுப் போட்டியும் பெயர்பெற்றது.

அம்மக்களின் நெஞ்சுரத்தை நாடு கண்ட நாளும் ஒன்று உண்டு. 1988 ஜூலை 8-ஆம் நாள், பெங்களூரிலிருந்து கன்னியாகுமரிக்குச் சென்ற ஐலண்ட் எக்ஸ்பிரஸ், தீவுக்கு அருகிலுள்ள பெருமண் பாலத்தில் தடம் புரண்டு காயலுக்குள் விழுந்தது. 105 பேர் மாண்டனர். அன்று முதலில் ஓடி வந்தவர்கள், சிறு படகுகளோடு வந்த அக்கரைகளின் ஏழை எளிய மக்களே.

அன்பர்களே! அந்தத் தீவுதான் இன்று மெல்ல மெல்லத் தாழ்ந்துகொண்டிருக்கிறது.

கடல் ஏற்றம் வரும் நாட்களில் உப்பு நீர் முற்றத்தைத் தாண்டி அடுப்பங்கரைக்கே வந்துவிடுகிறது. சுவர்கள் விரிசல் காண்கின்றன. அஸ்திவாரம் இறங்குகிறது. முன்பு நெல் விளைந்த நிலத்தில் இன்று நெல் இல்லை; தென்னையின் காய்ப்பும் குறைந்துவிட்டது. பெண் கொடுக்கத் தயங்குகிறார்கள் என்றும், வசதியுள்ளவர்கள் வெளியேறிவிட்டார்கள் என்றும் ஊரார் வருந்துகின்றனர். 2011-ஆம் ஆண்டுக் கணக்கின்போதே மக்கள்தொகை பத்தாயிரத்துக்குக் கீழே இறங்கியிருந்தது.

காரணம் ஒன்றல்ல. 2004-ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின் நிலைமை மோசமாயிற்று என்பார் உண்டு. ஆற்றில் மணல் அள்ளியதைக் குறை கூறுவார் உண்டு. கடல் மட்டம் உயர்வதையும் அறிஞர்கள் எடுத்துக்காட்டுகின்றனர். ஆனால் முதியோர் முதலில் சொல்வது அணையைத்தான்.

செங்கோட்டைக்கு அப்பால் தென்மலையில், கல்லடை ஆற்றின் குறுக்கே பரப்பாறு அணை 1961-இல் தொடங்கப்பட்டு 1986-இல் செயல்பாட்டுக்கு வந்தது. கேரளத்தின் மிகப் பெரிய பாசனத் திட்டம் அது. அதனால் எத்தனையோ வயல்களுக்குத் தண்ணீர் கிடைக்கிறது. ஆனால் அதற்கு முன்பெல்லாம் ஆண்டுதோறும் மழைக்காலத்தில் ஆறு பெருகித் தீவின்மேல் புரண்டு வரும். வீட்டுச் சாமான்களைப் பரண்மேல் ஏற்றிவிட்டு மக்கள் காத்திருப்பார்கள். வெள்ளம் வடிந்தால் நிலத்தின்மேல் புது வண்டல் படிந்திருக்கும். நிலம் ஆண்டுக்குக் கொஞ்சம் இறங்கினாலும், ஆறு ஆண்டுக்குக் கொஞ்சம் போட்டுச் சரிசெய்துவிடும். உண்மையில் அத்தீவே அப்படிப் படிந்த மண்தான். இன்று அந்த வண்டல் அணைக்குள்ளேயே தங்கிவிடுகிறது. வெள்ளத்துக்கு அஞ்சிய மக்கள், இன்று வெள்ளம் வராததற்காக ஏங்குகிறார்கள்!

அணை கட்டியோர் தீங்கு நினைத்துக் கட்டவில்லை. மேலே இருப்பவனுக்குத் தண்ணீர் வேண்டும், அது நியாயம். ஆனால் நீரைக் கணக்கிட்டவர்கள் மண்ணைக் கணக்கிடவில்லை. ஆறு என்பது நீர் மட்டுமன்று, மண்ணும் சேர்ந்தது என்பதை அந்தத் தீவு தன் உடலைத் தேய்த்து நமக்குக் கற்பிக்கின்றது.

கணக்கிட்டு வாழ்ந்தோரும் அதே காயலில் இருக்கின்றனர். அங்கு மட்டி அள்ளும் தொழிலாளர், அது பெருகும் காலமாகிய டிசம்பர் முதல் பிப்ரவரி வரை அள்ளுவதில்லை என்ற கட்டுப்பாட்டை ஏற்றுக் காத்தனர். அதன் பயனாக 2014-இல் அத்தொழிலுக்குப் பன்னாட்டுச் சான்று கிடைத்தது. இந்திய மீன்பிடித் தொழில் ஒன்றுக்கு அச்சான்று கிடைத்தது அதுவே முதல் முறை. இன்றைய கூடையை மட்டும் பாராமல் நாளைய கூடையையும் பார்த்தவர்கள் அவர்கள்.

இதில் நமக்கு என்ன என்று கேட்கலாம். நம் வேப்பந்தட்டை வட்டத்திலும் விசுவக்குடியில் கல்லாற்றின் குறுக்கே அணை உண்டு. ஊருக்கு ஊர் ஏரியும் உண்டு. கோடையில் ஏரி வண்டலை மாட்டு வண்டியில் அள்ளி வயலுக்கு அடித்த நம் பாட்டன்மார், ஏரிக்கு ஆழத்தையும் நிலத்துக்கு உரத்தையும் ஒரே வேலையில் தேடிக்கொண்டார்கள். தேங்கிய மண்ணை வேண்டிய இடத்துக்குக் கொண்டுசேர்க்கும் வழி அது. பின்பு ரசாயன உரம் வந்தது, வண்டி நின்றது, ஏரி தூர்ந்தது. 2024 முதல் விவசாயிகள் வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி பெற்று ஏரி வண்டலைக் கட்டணமின்றி எடுத்துக்கொள்ள அரசு வழி செய்திருக்கிறது. சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் விளைவிக்கும் நாம், அந்த நல்ல பழக்கத்தை மறுபடி கையில் எடுக்கலாமே! ஊர் கூடிச் செய்தால் ஒரு கோடையிலேயே பலன் தெரியும்.

யூபிலி ஆண்டில் முன்னோரை நினைக்கிறோம். அவர்கள் நமக்கு ஒரே நாளில் எதையும் தந்துவிடவில்லை. ஆண்டுதோறும் கொஞ்சம் உழைப்பு, கொஞ்சம் காணிக்கை, கொஞ்சம் விட்டுக்கொடுத்தல் என்று வண்டலைப்போல் படிய வைத்தார்கள். அதன்மேல்தான் நாம் நிற்கிறோம். நம் பங்குக்கு நாம் போடுவது நின்றுபோனால், நிற்கும் தரை தாழ்ந்துவிடும். நமக்குப் பின்வருவோர் காலூன்ற, நாமும் ஆண்டுக்கு ஒரு கை மண் போடுவோம்.